குதிரை கேட்ட கேள்வி

"தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சுக்கோம்மா. காதுக்குள்ள தண்ணி போயிடும்."

சாகியே ஒரு கையால் அம்மாவின் பிடரியைத் தாங்கிக்கொண்டு மறு கையால் கெட்டிலைச் சாய்த்தாள். தலைமாட்டில் விரித்திருந்த ரப்பர் துணியில் வெந்நீர் ஓடி வாளிக்குள் இறங்கியது. பள்ளிக்கூடம் முடித்த நாளிலிருந்து ஊரார் தலையைக் கழுவிப் பிழைக்கிறவள் அவள். ஒரு மனுஷியின் தலைகூட இளைத்துப்போகும் என்பது இந்தக் குளிர்காலத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

"உன் கடைக்கு வர்றவங்களையும் இப்படித்தான் கழுத்தைப் பிடிப்பியா?"

"அவங்கள்லாம் வாயை மூடிட்டு இருப்பாங்க."

"அப்ப நான் வேற கடைக்குப் போறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரித்தால் வலித்தது. முகம் சுருங்கி விரிகிறவரை சாகியே கெட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். வெளியே கூரையிலிருந்து பனிப்பாளம் ஒன்று சரிந்து தொப்பென்று முற்றத்தில் விழுந்தது. சாகியேவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜப்பானின் வடக்கே பனி கொட்டும் ஒதாருவில் பிறந்து வளர்ந்தவள், கூரைப்பனி விழுவதைக் கேட்டுக் கேட்டு மரத்துப்போன காது. ஆனால் அந்த ஆண்டு அவளுக்குக் கதவு சாத்தினாலும் தூக்கிவாரிப் போட்டது.

"ஏன் சாகியே," என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமலே. "வயித்துப் புண்ணுக்கு முடி இவ்வளவு கொட்டுமா?"

சாகியே கெட்டிலைக் கீழே வைத்தாள். வாளியில் மிதந்த முடியைச் சட்டென்று விரலால் அள்ளி உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள்.

"மருந்து சூடும்மா. டாக்டர் அன்னிக்கே சொன்னாரே."

"சொன்னாரா? சரி, சொல்லியிருப்பார்."

அது வயிற்றுப் புண் இல்லை. இரைப்பையில் புற்று. இலையுதிர் காலத்திலேயே டாக்டர் சாகியேவையும் அவள் தாய்மாமனையும் தனியறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பிறகு கதவைத் திறந்து கட்டிலுக்கு வந்து, "புண்ணுதாம்மா, ஆறிடும்" என்று நோயாளியிடம் சிரித்தார். அதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே அதுதான் முறை. சாகப்போகிறவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்லுவார்கள். தெரிந்துவிட்டால் அந்த நிமிஷமே ஆள் உடைந்துபோவார் என்று பயம்.

வெறும் பயமும் இல்லை, கண்ணால் பார்த்ததுதான். சாகியேவின் அப்பாவுக்கு இதே நோய் வந்தபோது புதிதாக வந்திருந்த ஒரு டாக்டர் வாய் தவறி விஷயத்தைச் சொல்லிவிட்டார். அப்பா "அப்படியா, ரொம்ப நன்றி" என்று கும்பிட்டார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். சோறு வேண்டாம், பேச்சு வேண்டாம். அவர் முகத்தை மறுபடி பார்த்தது சவப்பெட்டியில்தான். அந்த முதுகை நினைத்தால் சாகியேவுக்கு இன்றைக்கும் கைகால் சில்லிட்டுப்போகும்.

அதனால்தான் அவள் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டவள் மாதிரி அந்த வீட்டில் நடமாடினாள். பார்க்க வருகிறவர்களைக் காலணி கழற்றும் இடத்திலேயே மறித்து, "வயித்துப் புண்ணு, அவ்வளவுதான். அழக்கூடாது. ரொம்ப நேரம் கையைப் பிடிச்சிட்டிருக்காதீங்க" என்று பாடம் ஒப்பிக்க வைத்துத்தான் உள்ளே விடுவாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருநாள் பாதியிலேயே மூக்கை உறிஞ்ச, சாகியே அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய் வாயில் துண்டைக் கொடுத்து அழச்சொன்னாள்.

எல்லாரையும்விட அவள் பயந்தது பிள்ளைகளுக்குத்தான். அம்மா, ஊருக்கெல்லாம் மித்சுயோ சென்செய் (ஆசிரியை என்று மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்), பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவள். வெளிநாட்டுப் பிள்ளைக் கதைகளை மொழிபெயர்க்கிறவள். வாசலறை முழுக்கப் புத்தகம். சனிக்கிழமை ஆனால் தெருப்பிள்ளைகள் வந்து பாயில் உருண்டு படித்துவிட்டு இரவல் வாங்கிப்போவார்கள். பிள்ளைகள் என்றால் பட்டென்று கேட்டுவிடும்: "சென்செய், நீங்க செத்துப்போவீங்களா?" என்று. அந்த வாய்க்குப் பயந்து சாகியே வாசலறையைப் பூட்டி, சாவியைத் தன் கடை அங்கியில் போட்டுக்கொண்டாள்.

இதில் இன்னொரு கொடுமை. அம்மா எழுதிய கதைகளில் நாய் செத்தால் செத்ததுதான். ஒரு பதிப்பகத்தார், "கடைசிப் பக்கத்துலயாவது அது வீடு திரும்பற மாதிரி வச்சிடுங்க, பிள்ளைங்க அழுதுங்க" என்று கெஞ்சிப் பார்த்தார்கள். "அழட்டுமே, அழத் தெரியணும்ல" என்று கையெழுத்துப் பிரதியையே திரும்ப வாங்கி வந்தவள் அவள். அப்பேர்ப்பட்டவளிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டியிருக்கிறது. ஒரு வாக்கியத்தைப் பார்த்தே, "இதை எழுதினவன் அரைமனசோட எழுதியிருக்கான்" என்று சொல்லிவிடுகிற ஆளிடம்!

ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போதே கென்சாகு மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. மீன் அரைத்துக் கட்டியாக்கி விற்கும் பட்டறை வைத்திருக்கிறார். எங்கே போனாலும் அவருக்கு முன்னால் மீன் வாசனை போகும். தினமும் காலையில் வந்து அக்கா முன்னால் உரக்கச் சிரிப்பதை ஒரு வேலையாகவே செய்துகொண்டிருந்தார்.

"அடேயப்பா! தலை குளிச்சாச்சா? கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கியே அக்கா!"

"வாடா. உன் சத்தத்துல கூரைப்பனியெல்லாம் விழுது."

"செர்ரி பூக்கட்டும், நோபொரிபெத்சு வெந்நீர் ஊற்றுக்குப் போறோம். ரூம்கூட சொல்லி வச்சிட்டேன்!"

"எந்த விடுதியில?"

மாமா வாயைத் திறந்தார், மூடினார். கண்கள் சாகியேவைத் தேடின.

"அதான்... அந்த... நல்ல விடுதி."

"சரிடா," என்றாள் அம்மா. "நல்ல விடுதியா இருந்தா சரி."

மாமா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு மேலே அவர் விம்முவது கேட்டது. சாகியே பின்னாலேயே போய் அவர் சட்டையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"என்ன மாமா நீங்க! காது கேக்காதுன்னு நெனச்சீங்களா?"

"தெரிஞ்சிருக்குமாடி? அவ பார்த்த பார்வை... தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாது. நீங்க முதல்ல கிளம்புங்க."

"தெரியக்கூடாது சாகியே. மச்சான் மாதிரி ஆயிடக்கூடாது. என்னால இன்னொரு முதுகைப் பார்க்க முடியாதும்மா."

அவரைப் பின்கட்டு வழியாக அனுப்பிவிட்டு முகத்தைச் சரிசெய்துகொண்டு அவள் உள்ளே வந்தபோது, அம்மா தலையணையில் சாய்ந்து கண்ணாடி போட்டிருந்தாள். நெஞ்சின் மேல் ஒரு வெளிநாட்டுப் புத்தகம் விரிந்து கிடந்தது.

"தாளும் பென்சிலும் எடுத்துட்டு வா. கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கு."

"இப்பவா? கஞ்சி குடிச்சிட்டுத் தூங்கும்மா. உடம்பு தேறினப்புறம் பார்த்துக்கலாம்."

"ஹோரிகாவா நாளைக்கு வர்றார்ல. முடிக்காம அவர் மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

ஹோரிகாவா தோக்கியோவிலிருந்து வரும் பதிப்பாசிரியர். சாகியே தாளோடு வந்து உட்கார்ந்தாள். இந்த வேலை அவளுக்குப் புதிதில்லை. கதையில் யாராவது பேசும் இடம் வந்தால் அம்மா தானாக எழுதமாட்டாள். மகளைக் கூப்பிடுவாள். "ஒரு பொண்ணு கோபமா இருக்கா. அவ அண்ணன் மன்னிப்புக் கேக்கறான். அவ என்ன சொல்லுவா? யோசிக்காதே, சொல்லு" என்பாள். சாகியே என்ன சொல்கிறாளோ அதுதான் புத்தகத்தில் ஏறும். பேச்சை எழுத்தில் தேடக்கூடாது, வாயில்தான் தேட வேண்டும் என்பது அவள் கட்சி. பள்ளிக்குப் போகும் வயதிலிருந்து சாகியே இளவரசியாகவும் திருடனாகவும் நரியாகவும் பேசியிருக்கிறாள். கடையில் ஒருத்திக்கு முடி வெட்டிக்கொண்டிருக்கும்போது தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு பூதம் பசிக்குதுன்னு எப்படிச் சொல்லும்?" என்று கேட்டிருக்கிறாள் மகராசி. இந்த இலையுதிர் காலத்திலிருந்துதான் கூப்பிடுவதை விட்டிருந்தாள்.

"அதே கலங்கரை விளக்கத்துப் பொண்ணு கதைதான்," என்றாள் அம்மா. "விளக்குக்கு எண்ணெய் வண்டி இழுக்கற கிழட்டுக் குதிரை இருக்குல்ல, அது படுத்துடுச்சு. எழுந்திருக்கலை. பொண்ணு பக்கத்துல வைக்கோல்ல உக்கார்ந்திருக்கா. குதிரை கேக்குது..."

அம்மா புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். 

"'நான் செத்துப்போயிடுவேனா?'ன்னு குதிரை கேக்குது. பொண்ணு என்ன சொல்லுவா?"

பென்சில் சாகியேவின் விரலில் நின்றுவிட்டது. அவள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். பூச்சி ஊர்வது போல அந்நிய எழுத்து. ஒன்றும் புரியாது. இது குதிரை கேட்கிறதா, அம்மா கேட்கிறாளா?  எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அம்மா கண்ணாடி வழியாக அமைதியாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போதும் பார்ப்பது போலவே.

"இல்ல," என்றாள் சாகியே. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. பனி உருகினா சரியாயிடும்."

அம்மா தலையை ஆட்டினாள்.

"இது உன் மாமா பேசற மாதிரி இருக்கு. இந்தப் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல. அவளுக்கு அந்தக் குதிரைன்னா உயிர். மறுபடி சொல்லு. 'நான் செத்துப்போயிடுவேனா?'"

மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கெட்டில் முனகிக்கொண்டிருந்தது. சொல்லக்கூடாது, சொல்லக்கூடாது என்று சாகியேவின் உடம்பு முழுவதும் அடித்துக்கொண்டது. சுவர்ப் பக்கம் திரும்பிய அப்பாவின் முதுகு கண்முன் வந்து நின்றது. ஆனால் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லாமல் காத்துக்கொண்டிருந்தாள். குதிரைதானே, கதைதானே என்று சாகியே தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"ஆமா," என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. "ஆமா. செத்துப்போயிடுவே."

"ம். எழுதிக்கோ. குதிரை கேக்குது, 'சீக்கிரமா?'"

"சீக்கிரம்தான்."

"'அப்ப நீ பக்கத்துல இருப்பியா?'"

"இருப்பேன். எங்கேயும் போகமாட்டேன்."

"'உனக்குப் பயமா இருக்கா?'"

சாகியேவுக்குத் தாள் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டி எழுத்தெல்லாம் கலைந்துபோயிருந்தது. அம்மா பார்த்துவிடக்கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரொம்பப் பயமா இருக்கு," என்றாள்.

 அம்மா புத்தகத்தை மூடி நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

"'எனக்கும்தான்'னு குதிரை சொல்லுது. அவ்வளவுதான். முடிஞ்சுது. நல்லா வந்திருக்கு சாகியே, ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

அதற்கப்புறம் நடந்ததை நினைத்தால்தான் நெஞ்சு பதறும். அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். மெல்ல மெல்ல உடம்பைத் திருப்பி, சுவர்ப் பக்கம் பார்த்துப் படுத்தாள்.

போச்சு. எல்லாம் போச்சு. சாகியே அந்த முதுகைப் பார்த்தபடி பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள். நானே கொன்றுவிட்டேன், என் வாயாலேயே கொன்றுவிட்டேன் என்று மனசு கிடந்து அரற்றியது. 'கதைம்மா, அது வெறும் கதை' என்று கத்த வாயைத் திறந்தாள்.

"அந்த ஜன்னல் திரையை இழுத்து விடேன்," என்றது சுவர்ப் பக்கத்திலிருந்து குரல். "பனி வெளிச்சம் கண்ணைக் கூசுது."

சாகியே விழுந்தடித்து எழுந்து திரையை இழுத்தாள். அம்மா உடனே இந்தப் பக்கம் திரும்பினாள்.

"டின் பீச் பழம் இருக்கா வீட்டுல?"

"இருக்கு. இருக்கும்மா!"

"ஒரு துண்டு கொடு. கஞ்சி வேண்டாம், உன் கஞ்சி பசை மாதிரி இருக்கு."

சாகியே பழத்தைக் கரண்டியால் நசுக்கி ஊட்டினாள். அம்மா சாற்றை உறிஞ்சி, கண்ணை மூடி ருசித்தாள். வாசலறையைத் திறந்து வைக்கச் சொன்னாள். புத்தகங்கள் பூட்டிக் கிடந்தால் புழுங்கிப்போகும் என்றாள். தன் நீலக் கிமோனோவைப் பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் கொடுக்கச் சொன்னாள், "அன்னிக்கு ரொம்ப அழுதாளாமே" என்று. சாகியே சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எப்படித் தெரியும் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

மத்தியானம் தாண்டியதும் அம்மாவின் மூச்சு மாறிவிட்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே சாகியேவின் மூச்சும் நின்று நின்று வந்தது. கூடத்தில் தொலைபேசி அடித்தது. மாமாவாக இருக்கும், டாக்டராக இருக்கும். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அம்மாவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, "இங்கேதான் இருக்கேன், இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். வெளிச்சம் மங்கும் முன்னால் ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. சாகியே வெகுநேரம் அதற்காகக் காத்திருந்தாள். பிறகு எழுந்து, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, இறந்தவருக்குக் கொடுக்கும் கடைசித் தண்ணீராக அம்மாவின் உதடுகளில் ஒற்றினாள்.

மறுநாள் மாலை உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் வீடு கொள்ளாமல் வந்து அஞ்சலிக்கு உட்கார்ந்தார்கள். தீயது அண்டாமலிருக்கப் பிணத்தின் நெஞ்சில் கத்தி வைப்பார்கள். வீட்டில் நல்ல கத்தி கிடைக்காமல் மாமா தடுமாற, சாகியே தன் சவரக்கத்தியை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தாள். பிக்கு மந்திரம் ஓதி முடித்துக் கிளம்பியதும் சாப்பாட்டுத் தட்டுகள் வந்தன. எல்லோரும் ஒருத்தர் மாற்றி ஒருத்தராக அவளிடம் அதையேதான் சொன்னார்கள்: "ஒண்ணும் தெரியாமலே நிம்மதியா போய்ச் சேர்ந்தாங்க. நீ நல்லா பார்த்துக்கிட்டேம்மா." அவள் ஒவ்வொருவருக்கும் குனிந்து வணங்கினாள்.

படகும் ரயிலும் மாறி வந்து சேர்ந்த ஹோரிகாவா ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சாகியே அந்தத் தாள்களை அவரிடம் நீட்டினாள்.

"கடைசி அத்தியாயம். நேத்துக் காலையிலதான் முடிச்சாங்க. உங்ககிட்ட கொடுக்கணும்னு சொன்னாங்க."

"கடைசி அத்தியாயமா?" அவர் விழித்தார். "எந்தப் புத்தகத்துக்கு?"

"கலங்கரை விளக்கத்துக்கு."

"அது இலையுதிர் காலத்துலயே முழுசா வந்துடுச்சேம்மா. அச்சுக்கும் போயாச்சு."

அவர் தாள்களை வாங்கிப் படித்தார். ஒருமுறை படித்து முடித்து, மறுபடி முதலிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தப் புத்தகத்துல குதிரை பேசாதும்மா," என்றார், மெதுவாக. "ரெண்டாம் அத்தியாயத்துல வண்டி இழுத்துட்டு வரும், அதோட சரி. சென்செய் மூலத்துல இல்லாத ஒரு காட்சியைக்கூடச் சேர்த்து நான் பார்த்ததில்ல. என் இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்ல."

தாள்களை இரண்டு கையாலும் பிடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இது பதிப்பகத்துக்கு உள்ளது இல்ல. நீங்க வச்சுக்கோங்க."

சாகியே அவற்றை மடித்துக் கறுப்பு உடைக்குள் செருகிக்கொண்டாள்.  சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்; அங்கே தரையில் மாமா தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் யாரோ வைத்துவிட்டுப் போன சுஷிச் சோற்றுருண்டைத் தட்டு தொடாமல் இருந்தது. நேற்றிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று அத்தை புலம்பிக்கொண்டிருந்தாள்.

"சாகியே." அவர் நிமிர்ந்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. "உண்மையைச் சொல்லு. கடைசியில கண்டுபிடிச்சிட்டாளா? உன்கிட்ட ஏதாவது கேட்டாளா?"

சாகியே அவரையே பார்த்தாள். உடைக்குள் தாள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

"இல்ல மாமா. ஒண்ணும் கேக்கல. வயித்துப் புண்ணுன்னுதான் நெனச்சிட்டிருந்தாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் நீளமாக மூச்சு விட்டார். உடம்பு தளர்ந்து, தோள்கள் இறங்கின.

"நல்லவேளை. தப்பிச்சா எங்க அக்கா." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ கெட்டிக்காரிடி. எனக்கும் நாளைக்கு அப்படி ஏதாவது வந்தா இதே மாதிரிதான், என்ன? அத்தைக்குச் சமாளிக்கத் தெரியாது, உளறிடுவா. நீதான் பார்த்துக்கணும். என்கிட்ட மூச்சு விடக்கூடாது."

சொல்லிக்கொண்டே அவர் கை விலாவுக்குக் கீழே போய், வயிற்றை அமுக்கித் தேய்த்துக்கொண்டிருந்தது. அது அவருக்கே தெரியவில்லை. சாகியே அந்தக் கையைப் பார்த்தாள். எத்தனை நாளாக வலிக்கிறது என்று அவள் கேட்கவில்லை. 

"சரி மாமா," என்றாள்.

அவர் சாப்பாட்டுக் குச்சியை எடுத்து முட்டை சுஷி ஒன்றைப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டார். மெல்ல மெல்ல மென்றார். சாகியே எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து அவருக்குத் தேநீர் ஊற்றினாள்.

"இன்னொண்ணு வைக்கட்டுமா மாமா?"

"வை," என்றார் அவர். "இப்பத்தான் பசிக்குது."